வெர்லின் ஹெட்ரிக்கின் பச்சை வாக்கு

மழை பிடித்தால் வெர்லின் ஹெட்ரிக் அக்காவுக்குப் போன் போடுவார். தலைநகரத்து வாடகை அறையின் ஜன்னலில் முதல் நாலு துளி விழுந்ததுமே கை தானாக நம்பரைச் சுழற்றிவிடும். நலம் விசாரிப்பு கிடையாது, சாப்பிட்டாயா என்பது கிடையாது.

"ஓடைத் தண்ணி என்ன நிறத்துல போகுது?"

அந்தப் பக்கம் டெல்ஃபியா பெருமூச்சு விடுவாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் போன பிறகும் ரக்கர் பள்ளத்தை விட்டு அசையாதவள்.

"தண்ணி தண்ணி நிறத்துலதான் போகுது. ஏன், அங்க உன் மேசையில உக்காந்துக்கிட்டே தூண்டில் போட விடறாங்களா?"

"எட்டிப் பாத்துச் சொல்லுக்கா."

"பாத்துட்டுத்தான்டா பேசறேன். இளம்பச்சை. மீனு துள்ளுது. போதுமா? வைக்கட்டுமா?"

தம்பிக்கு வயதான பிறகு மீன் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பதினைந்து வருடமாக அவர் கேட்பது அந்த ஒரே கேள்வி. போனை வைத்த பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியாது.

ரக்கர் பள்ளம் என்பது அப்பலாச்சிய மலைகளுக்குள் ஒரு நீண்ட இடுக்கு. ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி நாற்பத்தேழு வீடு. இரண்டு தேவாலயம், ஒரு தீயணைப்புக் கூடம். இடுக்கின் தலைமாட்டில், மூன்று மைல் மேலே, நிலக்கரிக் கம்பெனியின் அணை. கரியைக் கழுவிய கறுப்புக் கூழை அங்கேதான் தேக்கி வைத்திருந்தார்கள். மண்ணும் கல்லும் கரிக்கழிவும் கொட்டி எழுப்பிய கரை. ஊரில் அதற்கு மேல்குளம் என்று பெயர். குளம் என்றதும் அல்லி பூத்திருப்பது போல ஒரு நினைப்பு வரும். அப்படி எதுவும் பூக்கவில்லை. பறவைகூட அதில் இறங்காது.

வெர்லின் அந்தப் பள்ளத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பிள்ளைக்குக் காலையில் வாந்தி வரும், எந்தப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டித் தர ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். எழுபத்தாறில் பழைய எம்.எல்.ஏ. இறந்துபோனார். அந்த இடத்துக்கு நிற்க ஆளில்லாமல் கட்சிக்காரர்கள் இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். வயது முப்பது. மேடையில் ஏறி நாலு வாக்கியம் பேசினார், ஐந்தாவது வாக்கியம் வரவில்லை, இறங்கிவிட்டார். ஜெயித்தார்.

முப்பத்திரண்டு வருடத்தில் சபையில் அவர் எழுந்து பேசியது பதினோரு தடவை. அதில் நாலு இரங்கல். மற்றவர்கள் முழங்கினார்கள், மேசையைத் தட்டினார்கள், பத்திரிகையில் படம் வந்தது. வெர்லின் வந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆண்டுக்கு அறுபது நாள் கூட்டத்தொடர், ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. தவறிவிடுமோ என்ற பயம் முதல் நாளே வந்துவிட்டது. அந்தப் பயத்தில் சபை நாட்களில் காலைக் காப்பியையே நிறுத்திவிட்டார், நடுவில் எழுந்து போக நேரக்கூடாது என்று. கூட்டத்தொடர் முடிவில் உள்ளூர்ப் பத்திரிகை யார் எத்தனை வாக்கெடுப்பில் கலந்துகொண்டார் என்று பட்டியல் போடும். ஹெட்ரிக், நூற்றுக்கு நூறு. டெல்ஃபியா அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். தேர்தல் பலகையிலும் வேறு எந்த வாக்குறுதியும் இல்லை. 'வெர்லின் அங்கே இருப்பார்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

அந்த மாதிரிப் பட்டியல்கள் முழு உண்மையில்லை என்பது சபை மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மேசைக்கு மேசை இரண்டு பொத்தான், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. அமுக்கினால் சுவரில் உள்ள பெரிய பலகையில் பெயருக்கு எதிரே விளக்கு எரியும். தன் பொத்தானைத் தானே அமுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சிகரெட்டுக்குப் போகிறவர் பக்கத்து மேசைக்காரரிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போவார். பக்கத்து மேசைக்காரர் கையை நீட்டி அமுக்கிவிடுவார். கை எட்டாதவர் அடிக்கோலால் அமுக்குவார். சபாநாயகர் அந்த நேரத்தில் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கும் அது பொய்யாகத் தோன்றியதில்லை. பக்கத்து வீட்டு மாட்டை நாலு நாள் கறந்து கொடுப்பது மாதிரி ஓர் ஒத்தாசை.

வெர்லினின் பக்கத்து மேசை மாக்சீன் கிராண்டல். வட மாவட்டத்துக்காரி, கணக்கு டீச்சர். சிகரெட் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது அவளுக்கு.

"வெர்லின், போயிட்டு வரேன். நம்ம கட்சித் தலைவர் கட்டைவிரல் மேல போனா பச்சை, கீழ போனா சிவப்பு. குழந்தைகூடச் செய்யும்."

"உனக்காகவே நான் ஒரு விரல வளத்து வெச்சிருக்கேன்."

"வளத்துக்கோ. எனக்கும் ஒரு நாள் உனக்கு அமுக்கற பாக்கியம் கிடைக்காமலா போகும்?"

பதினேழு வருடம் அந்தப் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தொண்ணூற்று மூன்று மார்ச்சில் கிடைத்தது.

அன்று வெர்லினின் மனைவி ஜூவலை ஆஸ்பத்திரி மேசைமேல் கிடத்தி மார்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். முடிவு மதியம் தெரியும். கூடத்து டெலிபோன் கூண்டுக்கு அழைப்பு வந்திருப்பதாகக் காவலாளி வந்து காதில் சொன்னான். வெர்லின் எழுந்தார். மாக்சீன் அவர் கையை ஒரு தட்டுத் தட்டி, "போ. நான் பாத்துக்கறேன்" என்றாள். கூண்டுக்குள் இருபது நிமிடம். திரும்பி வந்தபோது பலகையில் அவர் பெயருக்கு எதிரே பச்சை எரிந்து அணைந்துகொண்டிருந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. மசோதா நிறைவேறியது.

"என்ன மசோதா அது?"

"என்னமோ நீர்நிலை நிர்வாகம். தலைவர் விரல் மேல போச்சு. அத விடு. ஜூவல் எப்படி இருக்கா?"

அன்றிரவு அறையில் அதைப் படித்தார். கடைசிப் பக்கம், பதினான்காம் பிரிவு. பழைய கரிச்சேற்று அணைகளை அரசு ஆய்வாளர் இனி கம்பெனி அழைத்தால் மட்டுமே போய்ப் பார்க்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவை என்ற கட்டாயம் ரத்து. படித்துக்கொண்டிருந்தபோதே காலடியில் தரை ஈரமானது போல இருந்தது. காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு வாக்கில் நிறைவேறிய சட்டம். அந்த ஒரு வாக்கு அவருடையது, அவர் விரல் படாதது.

மறுநாள் காலை எழுந்து நின்று, 'நான் இருக்கையில் இல்லை, என் வாக்கைத் திருத்துங்கள்' என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்பு வரைக்கும் வந்தார். மாக்சீன் பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவளை மாட்டிவிட வேண்டியிருக்கும். நூற்றுக்கு நூறு போய்விடும். ஊரில் சிரிப்பார்கள். மணி அடித்தது, அடுத்த மசோதா வந்தது. உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. அடுத்த வருடம் தீயணைப்புக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. சோளரொட்டி, வெங்காயம், பெரிய அண்டாவில் பீன்ஸ். யாரோ கேட்டார்கள்: "மேல்குளத்த இனிமே யாரும் வந்து பாக்க மாட்டாங்களாமே வெர்லின், நெசமா?" கூட்டம் மொத்தமும் கரண்டியை நிறுத்தியது. வெர்லின் தட்டைக் கீழே வைத்தார். வாய் தானாகப் பேசியது:

"ஆபத்துன்னா நான் பச்சைய அமுக்குவேனா? என் அக்கா இங்கதானே இருக்கா?"

கரண்டிகள் மறுபடி அசைந்தன. அந்த வாக்கியம் பள்ளத்தில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாராவது மேல்குளத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் இன்னொருவர் அதைச் சொல்லி வாயடைப்பார். மழை ராத்திரிகளில் ஜனங்கள் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். அதைச் சொன்னவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

ஜூவல் இரண்டு வருடத்தில் இறந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. பழைய அணைகளை மறுபடி ஆய்வுக்குள் கொண்டுவர மூன்று தடவை மசோதா கொடுத்தார். குழுத் தலைவர் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கேட்டார்: "நீங்களே ஆதரிச்சு ஓட்டுப் போட்டிருக்கீங்க வெர்லின். இப்ப என்ன புதுசா?" வெர்லின் மசோதாவை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இரண்டாயிரத்தெட்டு பிப்ரவரி. மலையெல்லாம் முழங்கால் ஆழத்துக்குப் பனி. அதன்மேல் நாலு நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, சபைக்குக் கிளம்பும் முன் வெர்லின் போன் செய்தார்.

"நிறம் என்னக்கா?"

ஜன்னல் திரையை விலக்கும் வளையங்களின் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு மீன் கிடைக்காதுடா உனக்கு. காப்பி மாதிரி வருது. பால் ஊத்தாத காப்பி."

"எப்போலேந்து?"

"எந்திரிச்சதுலேந்து. ஏன்டா, உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"அக்கா, கிளம்பிப் பள்ளிக்கூட மேட்டுக்குப் போ. இப்பவே போ."

"அடுப்புல பீன்ஸ் இருக்கு. வைடா போன."

மாநிலத்தின் அணை அலுவலகத்தைக் கூப்பிட்டார். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசினான். பட்டியலைப் புரட்டும் சத்தம்.

"அந்த அணை எங்க லிஸ்ட்லயே இல்லீங்க சார். கம்பெனி கூப்பிட்டாத்தான் நாங்க போக முடியும். தொண்ணூத்து மூணுல நீங்க எல்லாம்தானே சார் எடுத்துவிட்டீங்க?"

கம்பெனியின் காவல் கூண்டில் எடுத்தவன் எல்லாம் நல்லாயிருக்கு என்றான். எல்லாம் என்றால் எது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். பிறகு டென்சிலைப் பிடித்தார். பள்ளத்தின் முடிதிருத்துபவன், தொண்டர் தீயணைப்புப் படைக்கும் அவன்தான் தலைவன்.

"அபாயச் சங்க ஊது டென்சில்."

"எதுக்கு வெர்லின்? தொண்ணூத்தாறுல ஒரு தடவ சும்மா ஊதினேன். ஓடறேன்னு போய் மேபல் இடுப்ப உடைச்சுக்கிட்டா. இன்னிவரைக்கும் அவ குடும்பத்துல ஒருத்தன் எங்கிட்ட முடிவெட்ட வர்றதில்ல. அரசாங்கத்துலேந்து ஒரு வார்த்த வரட்டும், ஊதறேன்."

"நான் அரசாங்கம் இல்லையா?"

"நீயா? ஆபத்துன்னா நீ பச்சைய அமுக்குவியா?" டென்சில் சிரித்தான். வெர்லினின் வார்த்தையை வெர்லினுக்கே கொடுத்துச் சிரித்தான்.

சபைக்குப் போனார், முந்தின நாள் விட்டுவந்த கோட்டு மேசையில் இருந்தது என்பதற்காக. மணி ஒன்பதே கால். முதல் வாக்கெடுப்புக்கு மணி அடித்துவிட்டது. அவர் கோட்டை எடுப்பதைப் பார்த்த மாக்சீன் பழக்கத்தில் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கும் தலை நரைத்து, விரல் கணுக்கள் வீங்கிப்போயிருந்தன.

"போ. நான் பாத்துக்கறேன்."

"தொடாத."

"என்ன?"

"என் பொத்தானத் தொடாத மாக்சீன். காலியா இருக்கட்டும்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. எதற்காகச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பதினைந்து வருடத்தில் அவர் அவளிடம்கூட அந்த வாக்கைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை.

இரண்டரை மணி நேர வழி. கண்ணாடித் துடைப்பான் ஒவ்வொரு தடவை விலகும்போதும் சாலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு பாலத்திலும் வேகத்தைக் குறைத்துக் கீழே பார்த்தார். ரக்கர் பாலத்துக்கு வந்தபோது காரை நிறுத்தி இறங்கியே பார்த்தார். காப்பி இல்லை. கறுப்பு. ஓடையில் ராத்திரி ஓடிக்கொண்டிருந்தது.

தீயணைப்புக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. முப்பது பேர் இருக்கும். நனைந்த கோட்டோடு வெர்லின் உள்ளே வந்து நின்றதும் பேச்சு நின்றது. சபை நாளில் அவரை ஊரில் யாரும் பார்த்ததே இல்லை.

"என்ன, துரத்தி விட்டுட்டாங்களா?" ஹாபர்ட் கேட்டான். பழைய சுரங்கக்காரன், பாதி நுரையீரலோடு முழு வாய். சிரிப்பு எழுந்தது.

"எல்லாரும் மேட்டுக்குக் கிளம்புங்க. மேல்குளம் தாங்காது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீதான் தாங்கும்னு சொன்ன. இங்கதான், இதே அண்டா பக்கத்துல நின்னு. நான் ரெண்டாவது தட்டு வாங்கிக்கிட்டிருந்தேன்."

வெர்லின் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மழைக்குப் பயந்தார், அணைக்குப் பயந்தார், ஆனால் இந்த முப்பது முகத்துக்குப் பயந்தது போல எதற்கும் பயந்ததில்லை. இத்தனை வருடம் அவர் ஓடி ஒளிந்தது இந்த நிமிடத்திலிருந்துதான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு நான் சீட்டுல இல்ல" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"அந்த அணை மசோதாவுக்கு ஓட்டுப் போட்டது நான் இல்ல. நான் வெளிய போன்ல இருந்தேன். என் பொத்தான வேற ஒருத்தங்க அமுக்கினாங்க. நான் அப்புறம்தான் படிச்சேன். படிச்ச அன்னிலேந்து எனக்குத் தூக்கம் இல்ல."

டென்சில் மெதுவாகக் கரண்டியை வைத்தான். "அப்போ விருந்துல சொன்னது?"

"பொய்."

"நூத்துக்கு நூறு?"

"அதுவும் பொய்தான்."

ஒரு பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள்தான் முதலில் எழுந்தவள். வாசலைத் தாண்டும்போது வெர்லினைத் திரும்பிப் பார்த்து, "பதினஞ்சு வருஷம். என் மூணு புள்ளையும் இங்கதான் பொறந்துச்சு" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். ஹாபர்ட் தட்டைத் தரையில் விசிறினான். டென்சில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின்கூடத்துக்குப் போனான். சங்கு ஊதத் தொடங்கியது.

அவர் சொன்ன பொய்யை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள், அது பொய் என்றதும் எழுந்தார்கள். நாற்பது நிமிடத்தில் சாலை முழுக்க வண்டி. நாய்கள், தலையணைகள், மருந்து டப்பாக்கள், மேபலைத் தூக்கி வைத்த டிரக். வெர்லின் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் மூஞ்சியில் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டெல்ஃபியா அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"நான் வரல" என்றாள். "உனக்காக முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினேன். எந்தம்பி ஒரு நாள் தவறினதில்லன்னேன். சர்ச்சுல சாட்சி சொல்ற மாதிரி சொன்னேன். இப்ப நான் மேட்டுல போய் யார் பக்கத்துல நிக்கறது? எந்த மூஞ்சியோட?"

"மூஞ்சி அப்புறம் அக்கா. எந்திரி."

"எங்க போயிருந்த அன்னிக்கு? குடிக்கவா?"

"போன்ல இருந்தேன்."

"யார்கூட?"

ஜன்னலுக்கு வெளியே ஓடை கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளே மனதுக்குள் தேதியைப் போட்டுப் பார்த்தாள். முகம் மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்ச்சு மாசம்" என்றாள். "ஜூவலுக்கு ஆபரேஷன் அன்னிக்கு. ஆஸ்பத்திரிலேந்து நாந்தானே உனக்குப் பேசினேன்?"

"ஆமா."

"டாக்டரு சொன்னத ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன். அப்புறம் அழுதுக்கிட்டே இருந்தேன். நீ வைக்கறேன்னு சொன்ன. நான் வைக்க விடல."

"அக்கா..."

"ரெண்டு தடவ சொன்ன. நான் விடல."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்று அவரிடம் பொய் மிச்சமில்லை. டெல்ஃபியா எழுந்து அடுப்பை அணைத்தாள். பானையை மூடினாள். கோட்டைப் போட்டுக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை, அவர்தான் மாட்டிவிட்டார். கார் வரைக்கும் அவள் அவர் தோளைப் பிடிக்கவில்லை, அவர் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூட மேட்டில் எல்லோரும் நின்றார்கள். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று. எதுவும் நடக்கவில்லை. மழை குறைந்தது. மேற்கே வெளுப்புகூடத் தெரிந்தது. கம்பெனியின் வண்டி ஒன்று வந்து நின்று, ஒருவன் கண்ணாடியை இறக்கி, கரை உறுதியாக இருக்கிறது, வீணாகப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். முணுமுணுப்பு தொடங்கியது. ஒருவனுக்கு இன்சுலின் வேண்டும். ஒருத்திக்குப் பூனையை எடுத்து வர வேண்டும்.

"அன்னிக்கும் பொய், இன்னிக்கும் பொய்யா?" ஹாபர்ட் கத்தினான். "எவனாவது இவனுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போடுங்கடா!"

வெர்லின் காரை எடுத்துப் போய், வீடுகளுக்குத் திரும்பும் பாலத்தின் குறுக்கே நிறுத்தினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். ஏழெட்டுப் பேர் எதிரே வந்து நின்றார்கள். அப்போது அவருக்குள் ஒரு பயம் எழுந்தது. வாழ்நாளில் பட்ட எல்லாப் பயத்தையும்விட அசிங்கமான பயம். அணை உடையாமல் போய்விட்டால்? ஒரு நொடிதான் அந்த நினைப்பு இருந்தது. ஆனால் இருந்தது. நாற்பத்தேழு வீடுகளைப் பார்த்துக்கொண்டே, உடைந்துவிடக்கூடாதா என்று ஒரு மனம் கேட்டது அவருக்குக் கேட்டது.

ஐந்து மணி வாக்கில் ஓடை நின்றது. சத்தம் ஓய்ந்ததைத்தான் முதலில் கவனித்தார்கள். பாலத்துக்கடியில் கற்கள் வெளியே தெரிந்தன, ஈரமாக, பல் மாதிரி. எதிரே நின்றவர்களில் ஒருவன் குனிந்து பார்த்தான். "தண்ணி எங்கடா போச்சு?" என்றான். டென்சில் மேட்டிலிருந்து கத்தினான். "மேல கரை சரிஞ்சு ஓடைய அடைச்சிருக்கு! ஏறுங்க! ஏறுங்க!" வெர்லின் காரைப் பாலத்திலேயே விட்டுவிட்டு ஓடினார். கூட ஹாபர்ட் ஓடினான். பாதி நுரையீரல் போதாமல் மடங்கியவனை வெர்லின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப்போனார்.

வளைவைத் திரும்பி அது வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. முப்பதடி உயரக் கறுப்பு. முன்னால் மரங்கள் குனிந்துகொண்டே வந்தன. தேவாலயம் ஒன்று அப்படியே எழுந்து, சாயாமல், கோபுரத்தோடு கொஞ்ச தூரம் கூட வந்து பிறகு உள்ளே போயிற்று. டெல்ஃபியாவின் வீடு இருந்த இடத்தில் முதலில் கூரை இருந்தது, பிறகு கூரை இல்லை. யாரும் அலறவில்லை. ஒரு குழந்தை மட்டும், "நம்ம வீடு, நம்ம வீடு" என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அடங்கிய பிறகு டென்சில் தீயணைப்புப் படை வைத்திருந்த ஊர்ப் பெயர்ப் பட்டியலை எடுத்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். 'இருக்கேன்.' 'இருக்கேன்.' 'இருக்கா, வண்டியில தூங்கறா.' வெர்லின் ஒவ்வொரு பெயருக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மூச்சை விடாமல் நின்றார். நூற்று முப்பத்தொன்று. கடைசிப் பெயர் வரைக்கும் பதில் வந்தது. இருபத்தொன்பது வீடு போயிருந்தது. ஆள் ஒன்றுகூடப் போகவில்லை.

யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஹாபர்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் இருமிவிட்டுச் சொன்னான்: "மே மாசத் தேர்தல்ல உனக்கு ஓட்டுப் போட மாட்டேன்." வெர்லின் தலையசைத்தார். "போடாத" என்றார். மே மாதம் அவன் போடவில்லை. அனேகமாக யாருமே போடவில்லை.

ஆனால் அதற்கு முன் திங்கட்கிழமை வந்தது. வெர்லின் சபைக்குப் போனார். பதிவேட்டில் வெள்ளிக்கிழமை வாக்கெடுப்புகளில் அவர் பெயருக்கு எதிரே காலி. கைகூடத் தூக்காமல் எழுந்து நின்றார். சபாநாயகர் பேச்சை நிறுத்தினார். வெள்ளத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அனுதாபமாகத் திரும்பினார்கள்.

"தொண்ணூத்து மூணு மார்ச்சுல ஒரு வாக்கெடுப்பு. என் பேருல பச்சைன்னு பதிவாயிருக்கு. நான் அப்ப இந்த மண்டபத்துலயே இல்ல. அதத் திருத்தணும்."

சபாநாயகர் காகிதத்தைப் பார்க்க முயன்றார். காகிதம் எதுவும் முன்னால் இல்லை. "மாண்புமிகு உறுப்பினரே, அந்தக் கூட்டத்தொடரோட பதிவேட்ட மூடியாச்சு. மூடினத யாரும் திறக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். சொல்லிட்டேன்."

மாக்சீன் மேசையை ஊன்றி எழுந்தாள். "அமுக்கினது என் கை" என்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

வெர்லின் சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த முகங்களை இப்படிப் பார்த்ததில்லை. பக்கத்து மேசைப் பொத்தானுக்குத் தோதாக நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குள் எதையோ புரட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த நாள், எந்த மசோதா, தான் எங்கே இருந்தோம், யார் விரல். தெற்கு மாவட்டத்து இளம் உறுப்பினர் ஒருவர் குனிந்தபடி எழுத்தரிடம் போய்த் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். எழுத்தர் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சட்டம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட அணைகள். இளைஞர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். நாற்பத்தொன்று. தன் ஊர்ப் பெயர் இருந்த ஒன்றில் விரல் நின்றது.

தாளை அங்கேயே போட்டுவிட்டு அவர் கூடத்துக்கு விரைந்தார். அவர் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். வெளியே யார் யாரோ வீட்டுக்குப் போன் செய்யும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. சபாநாயகர் வாக்கெடுப்புக்கு மணி அடித்தார். பலகையில் பெயர்கள் காலியாகவே இருந்தன. மறுபடி அடித்தார்.